எது முதலில் உடைய வேண்டும்?

2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நிக் கேஸ் என்பவர் தானே வடிவமைத்த பேட்டரி காரை ரிமோட்டில் மணிக்கு 325 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோனார். கின்னஸ் அதைச் சாதனையாகப் பதிந்துகொண்டது. அந்த வேகம் எல்லோருக்கும் எட்டாது. ஆனால் அதில் பாதி 2011-லேயே கடையில் பெட்டியோடு கிடைத்தது. அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட எக்ஸ்ஓ-1 மணிக்கு 160 கி.மீ. ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கார். 2019-இல் அர்மா நிறுவனம் ‘லிமிட்லெஸ்’ என்ற காரை, அசல் காரில் ஏழில் ஒரு பங்கு அளவில், மோட்டாரும் மின்னணுப் பாகங்களும் இல்லாமல் வெறும் உருளும் சட்டமாகவே விற்றது. எந்த மோட்டார், எத்தனை செல் பேட்டரி என்பதெல்லாம் வாங்குபவர் விருப்பம். வேகம் இன்று காசு கொடுத்தால் கிடைக்கிறது.

கடையில் கிடைக்காதது ஒன்று உண்டு. மோட்டாரில் கிளம்பும் விசை தரையைத் தொடுவதற்குள் எந்தெந்தப் பாகங்களைத் தாக்குகிறது, அவற்றில் எது முதலில் கைவிட வேண்டும் என்று தெரிந்து காரை அமைக்கும் அறிவு. ஆர்சி (ரேடியோ கட்டுப்பாட்டு) கார்க்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு பெரும்பாலும் உச்ச வேகத்தையும் விலையையும் சுற்றியே நடக்கிறது. மேசைமேல் பிரித்துப்போட்ட காரின் முன் உட்கார்ந்தால் வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். ஒரு பாகத்தை வலுவாக்கினால் அடுத்த அடி யார் தலையில் விழும்? இந்தப் பொழுதுபோக்கின் ஐம்பதாண்டு வரலாற்றையே இந்தக் கேள்வியை வைத்து வாசிக்கலாம்.

ரேடியோவில் ஓடும் கார்கள் 1960களின் நடுவில் இத்தாலியில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் உலகம் முழுக்கப் பிள்ளைகளையும் அப்பாக்களையும் பிடித்து இழுத்தது ஜப்பானின் தமியா. 1976-இல் அது வெளியிட்ட போர்ஷே 934, அளவிலும் தோற்றத்திலும் அசலைப் பார்த்து வார்த்த பொம்மை மாதிரிக்குள் மோட்டாரை வைத்த கார். 1979-இல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் மண்ணில் ஓடின. அவற்றின் சஸ்பென்ஷன் கைகள் வார்ப்பு உலோகம். பார்க்க அழகு, கையில் எடுத்தால் கனம், மோதினால் வளைவு. அன்றைய மோட்டாருக்கு அது போதும். 540 அளவு பிரஷ் மோட்டார், 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. 20 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தம் 144 வாட்தான்.

1984-இல் கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்சி10 கணக்கை மாற்றியது. ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த அந்தக் காரின் அடித்தளம் பொன்னிற அனோடைஸ் செய்த அலுமினியத் தொட்டி. சஸ்பென்ஷன் கைகளோ நைலான். நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக். விறைப்பாக இருக்க வேண்டியது விறைப்பாக, வளைந்து மீள வேண்டியது வளையும்படியாக. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் 1/10 ஆஃப்-ரோடு உலகப் போட்டியில், இருசக்கர இயக்கப் பிரிவை கில் லோசி ஜூனியர் அந்தக் காரில் வென்றார். இன்றைய பந்தயக் கார்கள் எத்தனையோ மாறிவிட்டாலும், ‘தளம் விறைப்பு, கை நெகிழ்ச்சி’ என்ற பாடத்தை யாரும் கைவிடவில்லை.

அதற்குப் பின் மூன்று மாற்றங்கள் வந்து இந்தப் பொழுதுபோக்கைப் புரட்டிப்போட்டன. லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று, பிரஷ் இல்லாத மோட்டார் இன்னொன்று. மூன்றாவதைப் பலரும் மாற்றமாகவே எண்ணுவதில்லை: கார் முழுதாகப் பூட்டப்பட்டே பெட்டியில் வருவது. எண்பதுகளில் கிட் வாங்கியவர் ஒவ்வொரு திருகையும் தானே முறுக்கினார். ஓட்டத் தொடங்கும்போதே காரின் உள்ளெல்லாம் அவருக்குத் தெரியும். 1999-இல் டிராக்சஸின் டி-மேக்ஸ் போன்ற வண்டிகள் ஆயத்தமாக வந்து பெருவெற்றி பெற்றபின் அந்த வழக்கம் தேய்ந்தது. இப்போது பலர் தம் காரை முதன்முறை திறப்பது அது உடைந்த நாளில்தான். புதுக் கார் வாங்குகிற எவருக்கும் நான் சொல்வது ஒன்றே: ஓட்டுவதற்கு முன், சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்களையும், நான்கு ஷாக்கையும் ஒருமுறை பிரித்துப் பூட்டுங்கள். எண்ணெய் குறைவாக இருக்கும், திருகுப் பசை போடாமல் விட்டிருப்பார்கள், பற்சக்கரம் இடைவெளியோடு ஆடும். இவற்றில் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. அதோடு, வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது கைக்குப் பழகிவிடும்.

இனி விசைக்கு வருவோம். பிரஷ் இல்லாத மோட்டாரின் மேல் ‘கேவி’ என்றொரு எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஆகும்போது 4.2 வோல்ட். எட்டு செல் சேர்ந்தால், அதாவது 8எஸ் என்றால், 33.6 வோல்ட். டிராக்சஸின் எக்ஸ்-மேக்ஸில் 1200 கேவி மோட்டார் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 40,000 சுற்றைத் தாண்டும். 6எஸ் காரில் 100 ஆம்பியர் பாய்ந்தால் 2,200 வாட், ஏறக்குறைய மூன்று குதிரைத்திறன். நாற்பதாண்டில் பதினைந்து மடங்கு உயர்ந்திருக்கிறது. அதைத் தரைக்குக் கொண்டுபோகும் அச்சுத்தண்டு அவ்வளவு பெருக்கவில்லை.

வேகம் வேண்டுமென்றால் முதலில் எல்லோரும் கை வைப்பது பினியனில். மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பற்சக்கரம் அது. 13 பல் பினியனைக் கழற்றி 15 பல் போட்டால் விகிதம் 15 சதவீதம் கூடும், வேகமும் அவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுகிறோம். காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதை மறந்துவிடுகிறோம். 15 சதவீத வேகத்துக்கு ஒன்றரை மடங்கு திறன், இரட்டிப்பு வேகத்துக்கு எட்டு மடங்கு. அந்தத் திறன் பேட்டரியிலிருந்து ஆம்பியராக வரும். ஆம்பியர் கூடினால் கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பம் அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். இரண்டு பல் பெரிய மாற்றமாகத் தோன்றாது, மோட்டாருக்கு அது பெரிய மாற்றம். ஒவ்வொரு பல்லாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஓட்டி, வெப்பமானியை மோட்டாரின் மேல் காட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. வெளிப்புறம் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் வெளிப்புறத்தைவிடச் சூடாக இருக்கும். எல்லை தாண்டிச் சூடானால் அதன் காந்தத்தன்மையில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். அதன்பின் மோட்டார் முன்னைவிட அதிக மின்சாரம் குடித்து, குறைவாக இழுத்து, இன்னும் சூடாகும்.

நம் ஊரில் ஓட்டுகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 10 டிகிரிக் குளிரில் ஓட்டுபவருக்கு 80-ஐத் தொட 70 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே மாதச் சென்னையில் 40-இல் தொடங்கும் நமக்கு 40 டிகிரிதான். அங்கே நன்றாக ஓடும் பற்சக்கர விகிதம் இங்கே மோட்டாரைக் கருக்கிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் பரிந்துரைக்கும் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்தே நாம் தொடங்க வேண்டும்.

பினியன் மாற்றியவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதில்தான் பெரும்பாலான கார்களின் ஆயுள் தீர்மானமாகிறது. பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் சக்கரத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. நோட்டுப் புத்தகத் தாளில் விரலகலத் துண்டு கிழித்து, இரண்டு பற்சக்கரத்துக்கும் இடையே கொடுத்து, மோட்டாரை அதன்மேல் நெருக்கித் திருகை இறுக்க வேண்டும். பிறகு ஸ்பரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுக்க வேண்டும். தாளில் வரிவரியாக மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிசல் இருக்கக்கூடாது. கிழிந்தால் நெருக்கம் அதிகம், மடிப்பே விழாவிட்டால் தளர்வு. ஓரிடத்தில் பார்த்து விட்டுவிடாமல் ஸ்பரை ஒரு முழுச்சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் பிளாஸ்டிக் சக்கரமும் முழு வட்டமாக இருப்பதில்லை. இறுக்கமான இடத்தை வைத்தே அளவை முடிவு செய்ய வேண்டும். சக்கரத்தை இரு பக்கமும் லேசாக அசைத்தால் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் பொறுமையாகச் செய்தால் மாதக்கணக்கில் ஓடும். அவசரப்பட்டால் முதல் ஓட்டத்திலேயே பற்கள் உருகி மழுங்கிவிடும்.

பேட்டரியைப் பற்றிச் சொல்லும்போது அதன் மேல் அச்சிட்ட ‘சி’ மதிப்பை நம்புவதை முதலில் விட வேண்டும். 5,000 மில்லிஆம்பியர்-மணி, 100சி என்று எழுதியிருந்தால் 500 ஆம்பியர் கொடுக்கும் என்று பொருள். உண்மையிலேயே 500 ஆம்பியர் இழுத்தால் பேட்டரி 36 வினாடியில் காலியாகும். அதற்குள் அதன் கம்பி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கவனிக்க வேண்டியது உள்தடை. நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லுக்கும் மில்லிஓமில் அதைக் காட்டும். செல்லுக்கு 3 மில்லிஓம் என்றால் 6எஸ் பேட்டரிக்கு 18. 150 ஆம்பியர் பாயும்போது 2.7 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும், 400 வாட்டுக்கு மேல் வெப்பம் பேட்டரிக்குள்ளேயே பிறக்கும். பேட்டரி வீங்குவதற்கான காரணங்களில் இது முதன்மையானது. புதிதாக வாங்கிய அன்றே ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் பேட்டரியின் மேலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஆறு மாதம் கழித்து ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக ஏறியிருந்தால் அந்தப் பேட்டரியை அதிக விசைக் காரிலிருந்து ஓய்வுபெறச் செய்துவிடலாம்.

மற்றவை எல்லோரும் அறிந்தவைதான், ஆனால் விபத்து அவற்றை மீறும்போதுதான் நடக்கிறது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க விடக்கூடாது. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியரில், எல்லா செல்லும் சமமாகும்படி பேலன்ஸ் முறையில் சார்ஜ் செய்ய வேண்டும். ஓட்டம் இல்லாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியை நம் ஊர் வெயிலில், பூட்டிய காருக்குள் விட்டுவைப்பதைப்போல் அதன் ஆயுளைக் குறைக்கும் செயல் வேறில்லை. உள்ளிருக்கும் கரைசல் எரியக்கூடியது. பற்றிக்கொண்டால் ஒரு செல்லின் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும். சார்ஜ் ஆகும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், தரை சிமென்டாக இருக்க வேண்டும். இவற்றில் எதிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இப்போது, முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். விசை கூடியதும் ஸ்பர் உருகுகிறது. ‘பிளாஸ்டிக்தானே காரணம்’ என்று எஃகு ஸ்பர் போடுகிறோம். அடுத்த வாரம் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் கூம்புப் பற்சக்கரம் பல்லை இழக்கிறது. அதையும் கெட்டியான எஃகில் மாற்றுகிறோம். இப்போது சக்கரத்துக்குப் போகும் தண்டு முறுக்கிக்கொள்கிறது. தண்டை மாற்றினால் அதைத் தாங்கும் பெட்டி பிளக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் உடையும் பாகத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது, அதை மாற்ற ஆகும் நேரமும் ஏறுகிறது. சில நூறு ரூபாயில், நாலு திருகைக் கழற்றினால் மாறிவிடும் ஸ்பரைக் காப்பாற்றப்போய், காரின் அடிவயிற்றைப் பிரிக்க வேண்டிய நிலைக்கு வந்து நிற்கிறோம். வலுவாக்குதல் பலவீனத்தை நீக்குவதில்லை, அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்த அடுத்த இடம் எது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அலுமினியச் சஸ்பென்ஷன் கைகளைப் பற்றிய வாதமும் இங்கேதான் வருகிறது. நீலத்திலும் சிவப்பிலும் மின்னும் அந்தப் பாகங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மோதும்போது நைலான் கை வளைந்து, அதிர்ச்சியை விழுங்கி, பெரும்பாலும் பழையபடி நிமிர்கிறது. எல்லை மீறினால் ஒடிந்துபோகும், அப்போதும் ஒடிந்தது தெரியும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். சில நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து காரை ஒரு பக்கம் இழுக்கும். அது வளையாமல் தாங்கிய அடி பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியில் போய் இறங்கும். அலுமினியம் எங்கே நல்லது என்றால், அடி வாங்காமல் வெப்பத்தையோ முறுக்கத்தையோ மட்டும் சந்திக்கும் இடங்களில்: மோட்டார் பிடிப்பான், ஷாக்கின் மூடி, ஸ்டீயரிங் இணைப்பு. காரின் வெளிவிளிம்பில் தரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் அது வேண்டாம்.

நல்ல வடிவமைப்பாளர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். பழைய கார்களில் ஸ்பருக்குள் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், குறிப்பிட்ட முறுக்கத்துக்கு மேல் வழுக்கி விட்டுக்கொடுக்கும். எக்ஸ்-மேக்ஸில் அந்த இடத்தில் ரப்பர் போன்ற மெத்தைப் பொருளை வைத்து முதல் அதிர்ச்சியை அது உறிஞ்சும்படி செய்தார்கள். ஸ்டீயரிங்கில், சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரைக் காக்கும் ஸ்பிரிங் அமைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. கெட்டியான சர்வோ போட்டபின் ‘இனி எதற்கு’ என்று அந்த ஸ்பிரிங்கை முழுதாக இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதன்பின் ஒவ்வொரு கல்லும் சக்கரத்தைத் தட்டும் அடி நேராகச் சர்வோவின் பற்சக்கரத்துக்குப் போகிறது.

டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் செலவே இல்லாமல் காரின் குணத்தை மாற்றுவது அதுதான். நான்கு சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் முன்னும் பின்னும் நடுவுமாக மூன்று டிஃபரன்ஷியல். ஒவ்வொன்றிலும் சிலிக்கான் எண்ணெய். அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள் ஆயிரக்கணக்கில் தொடங்கி லட்சக்கணக்கில் போகும். 1/8 பந்தயக் கார்களில் முன்னும் நடுவும் 5,000, பின்னால் 3,000 என்ற அமைப்பு நெடுநாளாகப் பரிச்சயமானது. அதிக விசைக் காரை அதே மெல்லிய எண்ணெயோடு முடுக்கினால் என்ன நடக்கிறது? முகப்பு தூக்கி, முன் சக்கரங்களின் மேல் சுமை குறைகிறது. விசை எளிதான வழியைத் தேடி முன்னால் பாய்கிறது. முன் டயர்கள் வெறுமனே சுற்றி வட்டமாகப் பெருக்கின்றன, கார் நகர்வதில்லை. நடுவில் ஒரு லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணெய் போட்டால் பின் சக்கரங்களுக்கும் பங்கு போகும். அதிகம் கெட்டியாக்கினாலோ முகப்பு எகிறிக் கார் கவிழும். ஓட்டுபவர் ஒவ்வொரு தளத்துக்கும் இந்த எண்ணைத் தேடிக்கொள்ள வேண்டும்.

பிரிக்கும்போது பற்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்து, ஓர வளையங்களுக்கு லேசாகக் கிரீஸ் தடவி, உள்ளே ஆட்டம் இருந்தால் மெல்லிய தட்டு வளையங்களைச் சேர்த்துப் போக்க வேண்டும். எண்ணெயை உள்ளிருக்கும் குறுக்குத் தண்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றிச் சற்று நேரம் அப்படியே வைத்தால் குமிழிகள் மேலே வந்துவிடும். விளிம்புவரை நிரப்பக்கூடாது, சூடானால் எண்ணெய் விரியும், இடமில்லாமல் கசியும். உலோகத்தில் உலோகம் ஏறும் திருகுகளுக்கு நீலத் திருகுப் பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுக்கு அது கூடாது, சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்துவிடும்.

டயரை மறந்துவிட்டு யாரும் வேக ஓட்டத்துக்குப் போகக்கூடாது. 10 செ.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 5,300 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பில் இருக்கும் ரப்பர் புவியீர்ப்பைப்போல் 1,500 மடங்கு விசையை உணர்கிறது. 10 கிராம் ரப்பர் துண்டு 15 கிலோவாக வெளிப்பக்கம் இழுக்கிறது. சாதாரண டயர் பெருத்து, உயர்ந்து, விளிம்பிலிருந்து பசை விட்டுப் பிரிந்து பறக்கும். உள்ளே நார்ப்பட்டை பதித்த டயர்கள் இதற்கென்றே வந்திருக்கின்றன. கைச்செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நார் கலந்த ஒட்டுநாடாவை டயரின் உட்புறம் சுற்றுகிறார்கள். அது நடுத்தர வேகத்துக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

எரிபொருள் கார்களைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட முடியாது. நைட்ரோ என்று அழைக்கப்படும் அந்தச் சிறு இருவீச்சு எஞ்சின்களின் சத்தமும் புகையும் வாசனையும் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் பொறியியல் கல்லூரி விழாக்களில் நைட்ரோ கார்ப் போட்டிகள் பல தலைமுறை மாணவர்களுக்கு எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பளித்திருக்கின்றன. எரிபொருள் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது. அந்த எண்ணெயில் இன்னமும் ஆமணக்கெண்ணெய் இடம்பெறுகிறது, கடும் வெப்பத்திலும் அது உலோகத்தை விட்டு விலகுவதில்லை என்பதால். தீப்பொறி கிடையாது, பிளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பி மெத்தனால் ஆவியைத் தொட்டுக் கனன்றுகொண்டே இருக்கும். வெயில் ஏறினால் காற்று நெகிழ்ந்து ஆக்சிஜன் குறையும், எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சற்று மூட வேண்டும். அளவு மீறினால் எண்ணெயும் குறைந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். காலையில் சரிசெய்த ஊசி மதியத்துக்கு உதவாது. ஓட்டி முடித்ததும் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சினுக்குள் காப்பெண்ணெய் விட்டுச் சுற்றி வைக்காவிட்டால், ஈரத்தை இழுக்கும் மெத்தனால் மறுவாரத்துக்குள் பேரிங்கைத் துருவாக்கிவிடும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதை மாணவர்கள் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் பொதுமக்களுக்கான எரிபொருளில் நைட்ரோமீத்தேனை 16 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியபின் அங்கே இந்த வகை மேலும் சுருங்கியிருக்கிறது. மின்சாரக் கார்கள் அதன் இடத்தை எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தமே, ஆனால் தடுக்க முடியாதது.

பராமரிப்பில் நம் தட்பவெப்பம் தனிக் கவனம் கேட்கிறது. மின்னணுப் பாகங்கள் நீரில் நனையலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துக் கடற்கரை ஓரத்தில் ஓட்டுகிறார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தப்பிவிடும். அதன் மேலிருக்கும் விசிறி தப்பாது, பேரிங்குகள் தப்பாது, மோட்டார் தண்டு தப்பாது. உப்பு நீர் பட்டால் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்து, பேரிங்கில் எண்ணெய் விட வேண்டும். உலர்ந்த மண்ணுக்குத் தூரிகையும் காற்றும் போதும், தண்ணீர் எடுக்கவே வேண்டாம். தூசியையும் எண்ணெயையும் சேர விட்டால் அரைக்கும் களிம்பாகிவிடும் என்பதால் திறந்த பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் பூசக்கூடாது. சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு பேரிங்கையும் விரல்நுனியில் சுற்றிப் பார்த்தால் கரகரப்பு தெரியும். விலை மலிவான அந்த வளையம் இறுகிப்போனால் அது உட்கார்ந்திருக்கும் விலையுயர்ந்த பாகம் உருகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சைப் பலர் சலிப்போடு கடந்துபோகிறார்கள். எக்ஸ்-மேக்ஸ் சுமார் 9 கிலோ, மணிக்கு 80 கி.மீ. போகும். அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 2,200 ஜூல். மணிக்கு 140 கி.மீ.யில் வரும் கிரிக்கெட் பந்துக்கு 120 ஜூல்தான். பதினெட்டுப் பந்து ஒரே நேரத்தில் ஒரு குழந்தையின் காலில் படுவதற்குச் சமம். பொதுப் பூங்காவிலும் தெருவிலும் இவற்றை ஓட்டக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு காரைப் போட வேண்டும். அணைக்கும்போது காரை முதலில். சமிக்ஞை அறுந்தால் கார் பிரேக் பிடிக்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ அமைத்து, சக்கரம் தரையைத் தொடாதபடி காரைத் தாங்கி வைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் பக்கத்தில் ஒருவர் அதே அலைவரிசைப் படிகத்தோடு வந்தால் உங்கள் கார் அவர் கைக்குப் போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தப் பயம் தீர்ந்தது. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோகும் பயம் தீரவில்லை.

கடைசியாக உதிரிபாகம். உடைய வேண்டிய இடத்தை எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும், உடைந்ததற்கு மாற்று கிடைக்காவிட்டால் கார் அலமாரிக்குத்தான் போகும். இந்தியாவில் இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. சிறுவடிவ இயங்கு மாதிரிகளும் அதே தலைப்பின் கீழ் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அந்த வரி உதவலாம். ஆனால் 6எஸ் காருக்கான டிஃபரன்ஷியலை இங்கே செய்வோரைக் காண்பது அரிது, அதனால் இந்தப் பொழுதுபோக்குக்கு அது சுமை மட்டுமே. காரைத் தேர்ந்தெடுக்கும்போது உச்ச வேகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் எண் இருக்கிறதா, கைகளும் ஸ்பரும் பின்களும் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா, உள்நாட்டில் யாராவது இருப்பு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

சில பாகங்களை நாமே செய்துகொள்ளவும் வழி திறந்திருக்கிறது. நேரான பின்களையும் தண்டுகளையும் எந்த நல்ல லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். கடினப்படுத்த வேண்டிய பற்சக்கரங்களுக்கு அது போதாது. முப்பரிமாண அச்சு எந்திரத்தில் முன் பம்பரை ரப்பர் போன்ற டிபியு பொருளிலும், ஷாக் பிடிப்பான்களை நைலானிலும் அச்சிட்டால் நன்றாகவே தாங்குகின்றன. எளிதாக அச்சாகும் பிஎல்ஏ மட்டும் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால், மோட்டாருக்குப் பக்கத்தில் வரும் எந்தப் பாகத்தையும் அதில் அச்சிடக்கூடாது. அடிக்கடி உடையும் பாகத்தில் இரண்டு கூடுதலாக அச்சிட்டு, ஓட்டப் போகும் பையிலேயே போட்டு வைத்தால் அன்றைய ஓட்டம் பாதியில் நிற்காது.